ஏட்டையா செதுக்கிய பிடி

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தொன்பது. முதல் நாள் காலில் விழப்போன சீடரைக் குரு தடுத்துவிட்டார்.

"விழுந்தா எந்திரிக்கும்போது இடுப்பு புடிச்சுக்கும் ஏட்டையா. அந்த ரம்பத்தை எடுங்க."

அதுதான் முதல் பாடம்.

குருவின் பெயர் சலேத்து மேரி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே, சரிவில் இறங்கும் சந்தில் அவருடைய பட்டறை. எஸ்டேட்காரர்களின் லைசென்ஸ் துப்பாக்கிகளுக்கு மரவேலை செய்பவர். கட்டை உடைந்தாலும் கரையான் தொட்டாலும் மதுரையிலிருந்துகூட ஆள் வரும். வேலைக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கையில் எதையாவது கொடுத்து வேலை வைப்பார்.

சீடர் கோமதிநாயகம், திருநெல்வேலிப் பக்கம். போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருபத்துநான்கு வருஷம் துப்பாக்கி பழுதுபார்த்து, ஏட்டாக இருந்தபோது விருப்ப ஓய்வு வாங்கியவர். இரும்பு அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. மரத்தில் விறகுக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஊரே சலேத்து மேரியை அக்கா என்றதால் அவரும் அக்கா என்றார். எட்டு வயது மூத்த தம்பி வாய்த்ததில் அக்காவுக்கும் வருத்தமில்லை.

புரட்டாசி பிறந்த வாரம், தாண்டிக்குடியிலிருந்து சொக்கலிங்கம் என்ற காப்பித் தோட்டக்காரர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார்.

உள்ளே ஒரு பழைய கைத்துப்பாக்கி. பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புச் சட்டம் மட்டும் எலும்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க பாட்டனுக்கு அப்பா காலத்துது. நூத்தம்பது வருஷம் இருக்கும். குழாயை அடைச்சாச்சு, சுடாது. கலெக்டர் ஆபீஸ் காகிதமும் இருக்கு" என்றார் சொக்கலிங்கம். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சாமி படத்துக்கு முன்னால வைப்போம். போன வருஷம் வைக்கும்போதே பிடி கழண்டு விழுந்திருச்சு. மூளியான ஆயுதத்தை வைக்கக்கூடாதுன்னு எங்கம்மா உள்ள தூக்கி வெச்சிட்டாங்க. அன்னையிலேர்ந்து அவங்களுக்கு மனசே சரியில்ல."

பிடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரத்துண்டு. இடது பக்கத்துண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. வலது பக்கத்துண்டு நெடுக விரிசல் விட்டுத் தனியாகக் கிடந்தது.

"ரெடிமேடா கிடைக்குமான்னு தேடினேன். அதே மாடலுக்குச் செஞ்சதுன்னு நெட்ல போட்டிருந்தான். வரவழைச்சேன்" என்று ஒரு பளபளப்பான ஜோடியை எடுத்து வைத்தார்.

சலேத்து மேரி அதில் ஒன்றைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். மேலே ஒரு பத்து ரூபாய் நாணயம் நிற்கும் அளவுக்குச் சந்து.

"அதே மாடல்தான்" என்றார் சலேத்து மேரி. "ஆனா இந்தத் துப்பாக்கி இல்ல."

சொக்கலிங்கம் போனதும் குரு மூட்டையைச் சீடர் பக்கம் தள்ளினார்.

"இது உங்களுக்கு ஏட்டையா."

கோமதிநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு மாதமாகக் கட்டையைத் தேய், எண்ணெய் பூசு என்று எடுபிடி வேலைதான். முதல் முறையாக முழு வேலை. அதுவும் துப்பாக்கி வேலை.

சொக்கலிங்கம் செய்ததில் அவருக்கு உள்ளூரத் தப்பொன்றும் தெரியவில்லை. ஆயுதக் கிடங்கில் அப்படித்தானே? ஒரு ரைபிளின் கட்டை உடைந்தால் அதே நம்பர் கட்டையை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினால் முடிந்தது. ஒரு ஏட்டு மாற்றலாகிப் போனால் அடுத்த ஏட்டு வந்து அதே நாற்காலியில் உட்காருவார். கடைக்காரன் அளவில் பிசகிவிட்டான் என்றுதான் நினைத்தார். நாம் பிசக மாட்டோம் என்றும் நினைத்தார்.

பழைய கட்டில் கால் ஒன்று கிடந்தது, நல்ல ஈட்டி மரம். அதை அறுத்தார். கிடங்குக் காலத்து வெர்னியர் அளவுகோலை எடுத்து விரிசல் விட்ட அந்த வலது கட்டையை நீளம், அகலம், வளைவு, திருகு துளை என்று இருபத்தேழு இடத்தில் அளந்தார். நோட்டில் எழுதினார். எழுதியபடியே செதுக்கினார். ஐந்து நாள் ஆயிற்று.

பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சு அசல். மயிரிழை பிசகவில்லை.

துப்பாக்கியில் வைத்தார். ஆடியது.

மேலே சந்து. கீழே திருகு துளை இரும்பிலிருந்த துளையோடு சேரவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை எழுந்தது.

"அக்கா, சேர மாட்டேங்கு."

சலேத்து மேரி எட்டிப் பார்த்தார். "ம்" என்றார். தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டாவது ஜோடி செய்தார். அதுவும் அச்சு அசல். அதுவும் ஆடியது. மூன்றாவது ஜோடிக்கு முப்பத்தெட்டு இடத்தில் அளந்தார். அச்சு அசலில் அதுதான் உச்சம். ஆட்டத்திலும் அதுதான் உச்சம்.

பதினாறு நாள் போயிருந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள்.

அவருடைய மனசு அந்த நாட்களில் முழுசாகப் பட்டறையில் இருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டில் அதைவிடப் பெரிய சந்து ஒன்று இருந்தது.

கோமதிநாயகம் மூன்று வருஷத்துக்கு முன்புதான் கல்யாணம் செய்துகொண்டார். வசுமதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் கணவர் தனசேகர் ஜீப் ஓட்டியவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கோமதிநாயகம் குடிபுகுந்த வசுமதியின் வீட்டில் ஒரு மகளும் இருந்தாள். ஓவியா. இப்போது ஒன்பதாம் வகுப்பு.

மூன்று வருஷத்தில் ஓவியா அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா, மாமா, அங்கிள், ஒன்றுமில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "அவரைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்பாள். வசுமதி திரும்பி, "சாப்பிட வாங்க" என்பாள். தபால் அந்த வழியாகத்தான் வரும்.

அவர் சும்மா இருக்கவில்லை, பாவம். தனசேகர் என்னென்ன செய்வார் என்று வசுமதியிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் அதே கடையில் புரோட்டா வாங்கி வந்தார். தனசேகர் உட்காரும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவர் கூப்பிட்ட மாதிரியே "குட்டிம்மா" என்று கூப்பிட்டார். வீட்டில் நின்றிருந்த தனசேகரின் ஜீப்பைச் சரிசெய்து ஓட்டினார்.

அந்தப் புரட்டாசியில்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தகவல் சொன்னார். தனசேகர் வீட்டு வளைவில் திரும்பும்போது இரண்டு தடவை சின்னதாக ஹாரன் அடிப்பாராம். மகள் ஓடி வந்து கேட்டைத் திறப்பாளாம்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோமதிநாயகம் வளைவில் திரும்பினார். இரண்டு தடவை அடித்தார்.

கதவு படாரென்று திறந்தது. ஓவியா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பாதி வழியில் ஜீப்புக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

அந்த முகத்தை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். தான் திருடன் போலப் பிடிபட்டுவிட்டதாகத் தோன்றியது அவருக்கு.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னாள்.

"காலாண்டு லீவுக்குப் பழனிக்கு அத்தை வீட்டுக்குப் போறேன். அங்கேயே இருந்து படிச்சிக்கிறேன். டி.சி. வாங்கிக் குடுத்திரு."

வசுமதி அழுதாள். கோமதிநாயகம் எதிரே பிரம்பு நாற்காலியில்தான் இருந்தார். தபால் தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

ஆக, மூன்றாவது ஜோடியும் ஆடிய அன்று அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"ம்."

"துப்பாக்கி விஷயம் இல்ல."

சலேத்து மேரி நிமிர்ந்து பார்த்தார். கொடைக்கானல் சின்ன ஊர். வசுமதி அழுத விஷயம் அவருக்கும் வந்திருக்கும்.

"ஒருத்தர் இருந்த இடத்துல இன்னொருத்தர் வந்து பொருந்த முடியுமா, முடியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. முடியாதுன்னா விட்டுருதேன். எத்தனை நாளைக்கு இப்படி முட்டிக்கிட்டே கெடக்க?"

சலேத்து மேரி எழுந்து வந்தார். மேசையைக் காட்டினார்.

"அந்தப் பழைய கட்டையை எடுங்க."

எடுத்தார்.

"துப்பாக்கியில வைங்க."

"இது விரிசல் விட்டதுல்லாக்கா?"

"விரிசல்தானே. வைங்க."

அவர் வைத்தார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அதைத் துப்பாக்கியில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்பது வைக்கும்போதுதான் உறைத்தது.

மேலே சந்து. கீழே துளை சேரவில்லை. ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை எழுந்தது.

"இதுவே சேர மாட்டேங்கே!"

"எப்படிச் சேரும்? நூத்தம்பது வருஷக் குளிரு, வெயிலு. மரம் சுருங்கும், முறுக்கும். இருந்த காலத்துல சேர்ந்துதான் இருந்துச்சு."

"அப்ப நான் அளந்தது?"

"இல்லாமப் போன ஒண்ணை."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்லாக்கா? மூணு ஜோடி ஈட்டி மரம் போச்சு. பதினாறு நாளு போச்சு."

"சொல்லியிருந்தா வெர்னியரைக் கீழ வெச்சிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வைத்திருக்க மாட்டார்.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு இரும்பையும் ஒருத்தன் கையால அரம் போட்டு ராவியிருக்கான்" என்றார் சலேத்து மேரி. அவருக்கு அது நீண்ட பேச்சு. "ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அந்த இரும்பு பதினாறு நாளா உங்க முன்னாலதான் கெடக்கு. அதுகிட்ட நீங்க எதுவும் கேக்கல. இல்லாத கட்டைகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

பழைய கட்டையை வாங்கினார். புதுத் துணி ஒன்றில் சுற்றி, அலமாரியில் வைத்தார்.

"எதுக்குக்கா அது இனிமே?"

"அது அவங்க வீட்டுது. திருப்பிக் குடுக்கணும்."

வெர்னியரையும் வாங்கி அதே அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை, கண்மை போலவே இருந்தது.

"இரும்புல மெலிசாத் தடவுங்க. கட்டையை வைங்க. எடுங்க. கட்டையில கறுத்த எடம் எதுவோ அதுதான் இடிக்குது. அதை மட்டும் சுரண்டுங்க. திரும்பத் தடவுங்க, திரும்ப வைங்க."

"எத்தனை தடவை?"

"அது சொல்லும்."

கோமதிநாயகம் நான்காவது ஜோடிக்கு மரம் அறுத்தார். மையைத் தடவினார். கட்டையை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் நன்றாக அமுக்கினார். எடுத்துப் பார்த்தால் கட்டை முழுக்கக் கறுப்பு.

"அக்கா, எல்லா எடமும் இடிக்கு."

"அமுக்கினீங்களா?"

"ஆமா. நல்லாப் பதியட்டும்னு."

"அமுக்கினா எல்லா எடமும்தான் கறுக்கும். நெசமா எது இடிக்குதுன்னு எப்படித் தெரியும்? சும்மா வைங்க. வெச்சுட்டு எடுங்க."

சும்மா வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் தானாகப் போய் அமுக்கியது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. துடைத்துவிட்டுத் திரும்பத் தடவி, பூப்போல வைத்து எடுத்தார். நான்கே இடம் கறுத்திருந்தது. நான்கும் சேர்ந்து ஒரு கொத்தமல்லி விதை அளவுகூட இருக்காது.

அதை உற்சாகமாகச் சுரண்டினார். கூடவே பக்கத்து இடத்தையும், வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று. வைத்தால் லொடலொடவென்றது.

"கறுக்காத எடத்த ஏன் தொட்டீங்க?" என்றார் சலேத்து மேரி.

"எப்படியும் இடிக்கும்னு நெனச்சேன்."

"நீங்க நெனச்சீங்க."

ஐந்தாவது ஜோடிக்கு மரம் அறுத்தார்.

அன்று சாயங்காலம் வசுமதி டியூட்டி முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஓவியா டியூஷன் போயிருந்தாள். கோமதிநாயகம் அடுக்களை வாசலில் நின்றார்.

"வசு, ஓவியாவுக்கு எங்கிட்ட என்னென்ன ஆவல?"

வசுமதி திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாக இந்த மனுஷர் தனசேகரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். அவர் என்ன சாப்பிடுவார், எப்படிச் சிரிப்பார், என்ன சோப்பு. ஓவியாவைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அந்த நாற்காலி" என்றாள் யோசித்து. "சனிக்கிழமை புரோட்டா. அதைச் சாப்பிடவே மாட்டா, ராத்திரி தட்டுல அப்படியே இருக்கும். அப்புறம் நீங்க குட்டிம்மான்னு கூப்பிடுறது. அன்னைக்கு அந்த ஹாரன்."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

"நான் சத்தமா நியூஸ் வைக்கேன்லா. அது?"

"அதுக்கு அவளே வந்து உக்காந்துதானே பாக்குறா. நீங்க கவனிச்சதில்லையா?"

அவர் கவனித்ததில்லை.

பிரம்பு நாற்காலியைத் தனசேகர் படத்துக்குக் கீழே நகர்த்திப் போட்டார். தான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதுகு வலித்தது. ஓவியா வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஏழு மணிக்கு வழக்கம்போலச் சத்தமாக நியூஸ் வைத்தார். அவள் கொஞ்ச நேரம் கழித்துப் புத்தகத்தோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை புரோட்டா வாங்கவில்லை. அதற்குப் பதில் அவருக்குத் தெரிந்த ஒரே சமையலைச் செய்தார்: அவர் ஊர் உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். ஓவியா தட்டை முறைத்தாள். ஒரு வாய் வைத்தாள். பிறகு எட்டித் துவையலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

"நல்லாயிருக்கா?" என்று கேட்க அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

அதற்காக எதுவும் மாறிவிட்டதென்று யாரும் நினைக்கவேண்டாம். தபால் அம்மா வழியாகவேதான் வந்தது. டி.சி. பேச்சும் அப்படியேதான் நின்றது. பழனிக்குக் கட்டிய பையில் ஓவியா பள்ளிக்கூடப் புத்தகம் அத்தனையையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பதை வசுமதி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கோமதிநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டார். எழுந்து போய் முகம் கழுவினார்.

பட்டறையில் தடவினார், வைத்தார், எடுத்தார், சுரண்டினார். முதல் நாள் முப்பது தடவை. மறுநாள் நாற்பது. அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். கறுப்புப் புள்ளிகள் கூடிக்கொண்டே வந்தன. பயந்துபோய்க் கேட்டார்.

"அக்கா, கறுப்பு கூடிக்கிட்டே போவுது. கெட்டுப் போச்சா?"

"அமுக்கினீங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"அப்பக் கெடல. முன்னால நாலு எடத்துல தொட்டுச்சு. இப்ப நாப்பது எடத்துல தொடுது."

ஏழாம் நாள் மத்தியானம் கட்டையை வைத்தபோது சத்தமே வரவில்லை. கையை எடுத்தார். கட்டை ஆடவில்லை. திருகைப் போட்டார், துளைக்குள் தானாக இறங்கியது. நகத்தை வைத்து ஓரத்தில் இழுத்துப் பார்த்தார். மரம் எங்கே முடிந்து இரும்பு எங்கே தொடங்குகிறதென்று நகத்துக்குத் தெரியவில்லை.

அவர் அழுதுவிட்டார். மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டதென்று சொல்லிக்கொண்டார். சலேத்து மேரி ஒரு பழைய பனியன் துணியை அவர் பக்கம் தள்ளினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சொக்கலிங்கம் வந்தார். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் முழுசாக மலரவில்லை.

"நல்லாத்தான் சேர்ந்திருக்கு. ஆனா பார்த்தவுடனே புதுசுன்னு தெரியுதே? பழைய கட்டை கறுப்பா இருக்குமே. சாயம் கீயம் போட்டு அது மாதிரியே ஆக்கிக் குடுங்களேன். அம்மாவுக்குத் தெரியாம இருக்கும்."

கோமதிநாயகம் குருவைப் பார்த்தார். குரு அவரையே பார்த்தார். பதில் தன்னிடம் விடப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

"கையில புடிச்சுப் பாருங்க சார்" என்றார் கோமதிநாயகம்.

சொக்கலிங்கம் பிடித்தார். விரல்கள் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார்.

"பழைய பிடியை நான் புடிச்சதே இல்லை" என்றார். "தொடக்கூடாதுன்னு சொல்லியே வளத்தாங்க. தூரத்திலேர்ந்து பார்த்ததுதான்."

"சாயம் வேணுமா?"

"வேண்டாம். அம்மாகிட்டே சொல்லிடறேன்."

சலேத்து மேரி அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய விரிசல் கட்டையை எடுத்துக் கொடுத்தார். "இதையும் பக்கத்துல வெச்சுக் கும்பிடுங்க" என்றார். சொக்கலிங்கம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஓவியா பழனிக்குப் புறப்பட்டாள். வசுமதிக்கு டியூட்டி. பஸ் ஸ்டாண்டுக்குக் கோமதிநாயகம்தான் கொண்டுபோய் விட்டார்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். பனி இன்னும் விலகவில்லை. சலேத்து மேரி புதிதாக வந்த ஒரு துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். முகம் செத்திருந்தது.

"போயாச்சா?" என்றார் சலேத்து மேரி.

"போயாச்சு. ஏழரை பஸ்ஸு."

"ம்."

"புத்தகம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டு. பையைத் தூக்கும்போதே கனம் தெரிஞ்சுது. நான் ஒண்ணும் கேக்கல. வழி நெடுக ஒரு வார்த்தை பேசல நான். அதுவும் பேசல."

சலேத்து மேரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அது கூட்டாளிப் பிள்ளைக ரெண்டு பேரு அதே பஸ்ல இருந்தாங்க. நான் பையை மேல தூக்கி வெச்சுட்டு, இறங்கிக் கீழ நின்னேன். பஸ் எடுக்கப் போற நேரத்துல ஜன்னல் வழியா எட்டிப் பாத்துது. எங்கிட்டப் பேசிச்சுக்கா. நேரா எங்கிட்ட. மூணு வருஷத்துல முதல் பேச்சு."

"என்ன சொல்லுச்சு?"

கோமதிநாயகம் மேசையில் கிடந்த குல்லாவைக் காட்டினார்.

"இந்த ஊர்க் குளிரு எனக்கு ஆவாதுன்னு காலையில இதைப் போட்டுக்கிட்டுப் போயிருந்தேன். 'கூப்பிட வரும்போது இந்தக் குல்லாவைப் போட்டுட்டு வராதீங்க, பாக்கச் சகிக்கல'ன்னு சொல்லிச்சு. பிள்ளைக எல்லாம் சிரிச்சுதுக. பஸ் போயிட்டு."

அவர் குல்லாவைத் தள்ளி வைத்தார்.

"எத்தனை நாளாக் காத்திருந்தேன் அந்தப் பிள்ளை எங்கிட்ட ஒரு வார்த்தை பேசும்னு. பேசின முதல் வார்த்தையே பாக்கச் சகிக்கலன்னா, அப்புறம் நான் என்னத்தச் சுரண்ட? சொல்லுங்கக்கா. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

சலேத்து மேரி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

"கூப்பிட யாரு வரணுமாம் ஏட்டையா?"